வேலிக்குள் நாலு முழம்

டோர்சிலா தன் தலைத்துணியை அவிழ்த்து மகளின் கழுத்தைச் சுற்றிக் கட்டினாள். இரண்டு சுற்று. முனையை உள்ளே செருகி, மழை நாளில் பள்ளிக்குக் கிளம்பும் குழந்தைக்குச் செய்வதுபோல் மோவாய் வரை இழுத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் மகளின் நெற்றியில் கை வைத்தாள். இழுப்பறையை மூடலாமா என்று பிணவறை ஊழியர் கண்ணால் கேட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்று பக்கத்தில் நின்ற ரிஸ்பா கையைக் காட்டினாள். அந்தக் கழுத்தில் என்ன இருந்தது என்பது அவளுக்குத் தெரியும். முந்தின நாளே வந்து பார்த்திருந்தாள். இடப்பக்கம் நான்கு விரல்கள், வலப்பக்கம் ஒரு கட்டைவிரல். வரைவதற்கு முன்னால் எதையும் உற்றுப் பார்த்துப் பழகிய கண் அவளுக்கு. கட்டைவிரலின் நகம் பதிந்த இடம்கூட அதற்குத் தப்பவில்லை. காவல் நிலையத்துக் காகிதத்தில் மட்டும், குடியினால் வந்த திடீர் மரணம் என்று எழுதியிருந்தது.

இறந்து கிடந்தவள் மெராப். வயது முப்பத்திரண்டு. கிசுமு நகரத்தில், கொண்டேலே சந்திக்குப் பின்னால் இருந்த ஒரு தங்கும் விடுதியில் மூன்று நாட்களுக்கு முன் அவளைக் கண்டெடுத்தார்கள். முந்தின சாயங்காலம் அவளோடு உள்ளே போனவன் மீன் லாரி வைத்திருக்கும் ஒரு வியாபாரி. விடுதிக்காரிக்கு அவனைத் தெரியும், தெருவிலிருந்த எல்லாப் பெண்களுக்கும் தெரியும். அவர்கள் போய்ச் சொன்னதைக் காவலர்கள் எழுதிக்கொள்ளவில்லை. இறந்தவளின் வீட்டார் வந்து எழுதிக் கொடுத்தால் உடலை அறுத்துப் பார்க்கச் சொல்கிறோம், நீங்கள் யார் அவளுக்கு என்று கேட்டார்கள்.

தாங்கள் யார் என்று சொல்ல ரிஸ்பா ஒருபோதும் குரலைத் தாழ்த்தியதில்லை. இப்போது வயது நாற்பத்தெட்டு; இருபது வருஷம் தெருவில் நின்று, பிறகு ஏரிக்கரைப் பெண்கள் சங்கத்தைக் கட்டி நடத்துகிறவள். மந்திரி முன்னால் என்றாலும் பாதிரியார் முன்னால் என்றாலும், "நான் பாலியல் தொழிலாளி, இவங்க என் சங்கத்துப் பெண்கள்" என்று, தன்னைத் தையற்காரி என்றோ மீன்காரி என்றோ ஒருத்தி சொல்வதுபோலச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள். இப்படிப் பதினோரு குடும்பங்களோடு இதே பிணவறை வாசலில் நின்றிருக்கிறாள். கையில் புகார்க் காகிதமும் மைப்பெட்டியும் இருக்கும். அதட்டமாட்டாள், அழமாட்டாள். டீ வாங்கிக் கொடுத்து, இறந்தவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லி, அவளைக் கொன்றவன் இன்றைக்கு என்ன சாப்பிட்டிருப்பான் என்று மெதுவாகக் கேட்பாள். பதினொன்றில் ஒன்பது குடும்பங்கள் கையெழுத்துப் போட்டிருக்கின்றன.

டோர்சிலாவையும் அப்படித்தான் எதிர்க்கடைப் பெஞ்சுக்கு அழைத்துப் போனாள். டீயும் எண்ணெயில் பொரித்த மந்தாசி ரொட்டியும் வந்தன. டோர்சிலா மந்தாசியைப் பிட்டு டீயில் நனைத்தாள். ஆனால் வாயில் போடவில்லை. உகென்யாப் பக்கத்துக் கிராமத்திலிருந்து விடிகாலைப் பேருந்தில் வந்தவள், அறுபது கடந்தவள், தலைத்துணி இல்லாமல் நரைத்த குட்டை முடியோடு தெருவில் உட்கார்ந்திருப்பது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ரிஸ்பா தன் தோளில் கிடந்த லெசோத் துணியை எடுத்து நீட்டினாள். அவள் அதை வாங்கித் தலையில் கட்டிக்கொண்டு, ரிஸ்பா பேச்சைத் தொடங்கும் முன்னாலேயே தொடங்கினாள்.

"கழுத்தை நானும் பாத்தேன்மா. எனக்கொண்ணும் கண்ணு அவிஞ்சு போகல."

ரிஸ்பா காகிதத்தை எடுக்கப் பையில் விட்ட கை அப்படியே நின்றது.

அதன் பிறகு டோர்சிலா சொன்னதெல்லாம் நிலத்தைப் பற்றி. கல்யாணமாகாத பெண் இறந்தால் வீட்டு வேலிக்குள் புதைப்பதில்லை. வேலிக்கு வெளியே, பாதையோரமாய்க் குழி வெட்டுவார்கள். ஆடு மாடு மிதித்துப் போகும். பத்து வருஷத்தில் மேடே இருக்காது. டோர்சிலாவின் தங்கை அப்படித்தான் கிடக்கிறாள், இப்போது அவள்மேல் யாரோ சோளம் போட்டிருக்கிறார்கள். மெராப்புக்கும் அதே இடம்தான் என்று கணவனின் அண்ணன் ஒகோலா சொல்லிவிட்டார். ஆனால் மெராப் அந்த வீட்டுக்குத் தகரக் கூரை போட்டுக் கொடுத்தவள். ஒகோலாவின் இரண்டு பையன்களின் பள்ளிச் செலவைப் பார்த்தவள். நகரத்தில் பெரிய துணிக்கடையில் பொறுப்பான வேலையில் இருக்கிறாள் என்று ஊரே பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தது. அதைச் சொல்லி, சபைப் பெண்களைக் கூட்டி வந்து அழுது, ஒகோலாவின் காலடியில் உட்கார்ந்து, அடுக்களைக்குப் பக்கத்தில் வேலிக்குள்ளே நாலு முழ இடத்துக்கு அவரைத் தலையாட்ட வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"நீ அந்தக் காகிதத்த நீட்டினா நான் கைநாட்டு வைக்கணும். வச்சா கேஸு, கோர்ட்டு, பேப்பரு. அவ எங்க கெடந்தா, யாரோட போனான்னு ஊருக்கே வாசிச்சுக் காட்டுவாங்க. அப்புறம் அந்த நாலு முழம்?" டோர்சிலா நனைந்த மந்தாசியைத் தட்டில் வைத்தாள். "அவன ஆண்டவன் பாத்துக்கட்டும். எம்பொண்ண நான் பாத்துக்கணும்."

துணிக்கடை இல்லை என்பது அவளுக்குத் தெரியுமா, தெரியாதா என்று ரிஸ்பா கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

இந்த மாதிரிப் பேச்சுக்கு ரிஸ்பாவிடம் பதில் உண்டு. மறைத்து மறைத்துத்தான் நம்மைக் கொல்கிறார்கள் என்பது அந்தப் பதில். அதைச் சொல்லும் தகுதியை அவள் சும்மா சம்பாதிக்கவில்லை. இருபத்தாறு வயதில் அவளிடம் வழக்கமாக வந்துபோன ஒரு முடிதிருத்துகிறவன், தன் கடைக்குப் பலகை எழுதித் தருகிறேன் என்ற ஆள் நைரோபிக்கு ஓடிப்போன கோபத்தில், பெயிண்ட் டப்பாவை அவள் பக்கம் தள்ளி நீயாவது எதையாவது வரை என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். அவள் நான்கு விதமான முடிவெட்டோடு நான்கு ஆண் முகங்களை வரைந்தாள். எல்லாம் அவளுக்குத் தெரிந்த முகங்கள். அவளிடம் வருகிறவர்கள் அவள் முகத்தைப் பார்த்ததைவிட அவள் அவர்கள் முகத்தை அதிகம் பார்த்திருந்தாள். அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு மற்ற கடைக்காரர்களும் கூப்பிட்டார்கள். நியாலெண்டாப் பகுதியில் பாதிக் கடைகளின் தலைகள் அவள் கை வரைந்தவை.

பிறகு அக்கேயோ என்கிற தோழி இறந்தாள். அவளைத் தேடி யாரும் வரவில்லை, ஒரு புகைப்படமும் இல்லை. நகராட்சி புதைத்தது. விடுதிகள் கழித்துப்போடும் பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றை வாங்கி, மைதாக் கஞ்சி பூசி வெயிலில் விறைக்க வைத்து, ரிஸ்பா அதில் அக்கேயோவின் முகத்தை ஓர் ஆள் உயரத்துக்கு வரைந்தாள். ஒடிந்த முன்பல், ஒட்டுமுடி, கன்னத்து அம்மைத் தழும்பு, எதையும் விடவில்லை. அந்த டிசம்பரில் சங்கம் முதல்முறையாக ஊர்வலம் போனபோது மற்றவர்கள் முகமூடி போட்டிருந்தார்கள். ரிஸ்பா போடவில்லை. அக்கேயோவைக் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். மறுநாள் செய்தித்தாளில் இரண்டு முகங்களும் வந்தன. இப்போது விரிப்புகள் பதினேழு. வெளிநாட்டிலிருந்து வந்த ஒருத்தர் இரண்டை வாங்கிக் கண்காட்சியில் வைக்கக் கேட்டார். விலைக்கு இல்லை, வேண்டுமானால் எங்களோடு ஊர்வலத்தில் வந்து பாருங்கள் என்று அனுப்பிவிட்டாள்.

அந்தச் செய்தித்தாள் வந்த வாரத்தில்தான் அவள் அண்ணன் வந்து லவீனைக் கூட்டிக்கொண்டு போனான். ரிஸ்பாவின் மகளுக்கு அப்போது வயது பதினொன்று. அவள் ஒழுங்காகப் படிக்கட்டும், நீ உன் கொடியைப் பிடி என்றான். லவீன் அவன் மகளாக வளர்ந்தாள். போனில் பேசும்போது ரிஸ்பாவை அத்தை என்று கூப்பிடப் பழகினாள். முதல் தடவை அப்படிக் கூப்பிட்டபோது பின்னால் யாரோ நிற்கிறார்கள், அதனால்தான் என்று ரிஸ்பா நினைத்துக்கொண்டாள். அடுத்தடுத்த தடவைகளில் பின்னால் யாரும் நிற்கவில்லை. போன மாதம் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பட்டம் வாங்குவதாக லவீன் அழைத்தாள். "வாங்க அத்தை. யாராவது கேட்டா பலகை எழுதுறவங்கன்னு சொல்லிக்கலாம். அது பொய்யும் இல்லையே" என்றாள். இருபத்திரண்டு வயதுப் பெண் யோசித்து யோசித்துக் கண்டுபிடித்த வழி. ரிஸ்பா போகவில்லை. என்னைப் பாதியாய் வெட்டிக்கொண்டு வந்து உன் பக்கத்தில் நிற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சொன்னபோது அது பெரிய நேர்மையாகத் தெரிந்தது. பட்டமளிப்பு நாளன்று காலையிலிருந்து மாலை வரை ஒரு மருந்துக்கடைப் பலகையில் ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப அழித்து எழுதிக்கொண்டிருந்தாள்.

டீக்கடைப் பெஞ்சில் டோர்சிலாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது ரிஸ்பாவின் நாக்கில் அந்தப் பழைய பதில் எழவில்லை. தன் மகள் கேட்டது வெறும் ஒரு மணி நேரம். அதைக் கொடுக்க மறுத்தாள். இந்த அம்மா கேட்பது நாலு முழம். ரிஸ்பா கையைப் பையிலிருந்து வெறுமையாக வெளியே எடுத்தாள்.

"சரிம்மா" என்றாள். "வீட்டுக்குக் கொண்டுபோங்க."

டோர்சிலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, நீ படம் வரைவாயாமே, எம்பொண்ணு சொல்லியிருக்கா என்றாள். இழவு வீட்டில் பெட்டிக்கு முன்னால் வைக்க ஒரு படம் வேண்டும். துணிக்கடையில் நிற்கிற மாதிரி. அப்புறம், தயங்கியபடி, தன் இடது புருவத்தைத் தொட்டுக் காட்டினாள். "இங்க ஒரு தழும்பு இருக்கே, அது வேண்டாம். என்கிட்டேருந்து போகும்போது அது இல்ல."

செய்தியைக் கேட்ட குவின்டர் சங்க அறைக்கு வந்து உட்காராமல் கதவில் சாய்ந்து நின்றாள். குவின்டர் மெராப்போடு ஒரே அறையில் ஆறு வருஷம் இருந்தவள். விடுதிக்காரியைச் சாட்சி சொல்ல ஒப்புக்கொள்ள வைக்க இரண்டு நாள் அவள் வீட்டு வாசலில் கிடந்தவள். அவள் கத்துவாள் என்று ரிஸ்பா தயாராக இருந்தாள். அவள் கத்தவில்லை.

"மெராப் செத்தா அவ அம்மாகிட்ட கேக்கணும். சரி. அடுத்தது யாரு சாகப்போறா, அவ அம்மாகிட்டயும் இப்பவே கேட்டியாக்கா?"

"அவளுக்கு மண்ணு வேணும் குவின்டர்."

"எங்களுக்கு?" என்றாள் குவின்டர். பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள்.

ரிஸ்பா அன்றும் மறுநாளும் படத்தை வரைந்தாள். விரிப்பில் வரையவில்லை. கடைப் பலகைக்கு வாங்கி வைத்திருந்த நல்ல மரப்பலகையில் வரைந்தாள். பின்னால் அடுக்கடுக்காய்த் துணி உருளைகள், மஞ்சளும் நீலமும் பூப்போட்டதும். மேசையில் கத்தரிக்கோல். மெராப்புக்கு வெள்ளைக் காலர் வைத்த நீலச் சட்டை. கழுத்தில் அளவு நாடா தொங்குவதுபோல் தூரிகை தானாகவே ஒரு மஞ்சள் கோட்டை இழுத்துவிட்டது. எந்த இடத்தில் இழுத்தோம் என்று உறைத்ததும் டர்பன்டைனில் துணியை நனைத்துத் துடைத்தாள். ஈரம் காயும்வரை வாசலில் போய் நின்றாள். பிறகு நாடாவைக் கையில் கொடுத்தாள். கடைசியாகப் புருவம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு காவலனின் தடி பிளந்த புருவம் அது. அன்று பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவள் ரிஸ்பாதான். வழியெல்லாம் மெராப், இனி எல்லா ஆம்பளையும் இந்தப் பக்கமா உட்காரட்டும் அக்கா, அந்தப் பக்கம் நான் அழகு என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக ரிஸ்பா ஒரு காயத்தை வரையாமல் விட்டாள். முழுப் புருவத்தோடு மெராப் பலகையிலிருந்து பார்த்தாள். நன்றாக இருந்தாள். அவள் நன்றாக இருந்ததுதான் ரிஸ்பாவுக்குத் தாங்கவில்லை.

சனிக்கிழமை உகென்யாவில் அடக்கம். சங்கத்துப் பெண்கள் ஒன்பது பேர் நீளப் பாவாடை கட்டி, ஒட்டுமுடியைக் கழற்றித் தலைத்துணி போட்டு, துணிக்கடைத் தோழிகளாய் வந்தார்கள். குவின்டர் வரவில்லை. பலகையைப் பெட்டியின் தலைமாட்டில் சாய்த்து வைத்தார்கள். ஊர்க்காரர்கள் வரிசையாக வந்து பார்த்தார்கள். சபைப் பெண்கள், எவ்வளவு மரியாதையான பெண் என்று தலையை அசைத்து அழுதார்கள். ஒகோலா படத்தின் முன்னால் தொப்பியைக் கழற்றி நெடுநேரம் நின்றார். கடையிலிருந்து யாராவது பேசுங்கள் என்று பாதிரியார் சொன்னபோது எல்லாரும் ரிஸ்பாவைப் பார்த்தார்கள். அவள் எழுந்தாள். ஆயிரம் பேர் கூட்டத்தில் ஒலிபெருக்கி இல்லாமல் பேசியவள் பலகையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். மெராப் துணியை ஒரு விரல்கூடக் குறையாமல் அளந்து கிழிப்பாள், கைக்குழந்தையோடு வருகிறவர்களை நிற்க வைக்கமாட்டாள், காலையில் கடை திறக்கும்போது சபைப் பாட்டைத் தப்பும் தவறுமாகப் பாடுவாள் என்று சொன்னாள். பாட்டு மட்டும் உண்மை. அதைச் சொல்லும்போது டோர்சிலா சட்டென்று நிமிர்ந்து பார்த்து, அழுகைக்கு நடுவே சிரித்தாள்.

திருகுகள்ளி வேலிக்கு உள்ளே, அடுக்களைச் சுவரிலிருந்து பத்தடி தள்ளிக் குழி வெட்டியிருந்தார்கள். நாலு முழமல்ல, தாராளமாகவே வெட்டியிருந்தார்கள். செம்மண் மேட்டை மண்வெட்டியின் முதுகால் தட்டிச் சமன்படுத்தும்போது டோர்சிலா பக்கத்திலேயே நின்று, இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் என்று காட்டிக்கொண்டிருந்தாள்.

அது ஆகஸ்ட். செப்டம்பரில் மீன் லாரிக்காரனை ரிஸ்பா மூன்று முறை பார்த்தாள். ஒருமுறை அவள் ஏணிமேல் நின்று பலகை எழுதிக்கொண்டிருந்தபோது கீழே வந்து நின்று, "பேர் நல்லா வருதும்மா" என்று அண்ணாந்து பாராட்டிவிட்டுப் போனான். அவள் ஏணியிலிருந்து இறங்கிக் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். டிசம்பர் ஊர்வலத்துக்குப் பதினெட்டாவது விரிப்பை வரைய வேண்டியிருந்தது. கஞ்சி பூசிக் காயவைத்துச் சுவரில் அடித்தும் வைத்தாள். மெராப்பை நினைத்துக் கரிக்கோடு போட்டால் நீலச் சட்டைக்காரிதான் வந்தாள். பிளந்த புருவத்தை வேண்டுமென்றே வரைந்தால் அது முகத்தில் ஒட்டாமல், யாரோ பிறகு கீறியதுபோல் நின்றது. ஆறு முறை அழித்தாள். பொய்யை அவ்வளவு நன்றாக வரைந்திருக்க வேண்டாம்.

அக்டோபர் கடைசியில் ஒரு மத்தியானம் குவின்டர் வந்தாள். இரண்டு மாதம் பேசாதிருந்தவள். உள்ளே வந்து, சுவரில் வெறுமையாய் நின்ற விரிப்பைப் பார்த்து, பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"பெரில்" என்றாள். "புதுசா வந்தாளே, பச்சை மிளகாய் தின்னுட்டே இருப்பாளே, அந்தப் பொண்ணு. உயிர் இருக்கு. தாடை உடைஞ்சு போச்சு. அதே ஆளு. அதே விடுதி."

இன்னும் ஏதாவது சொல்வாள் என்று ரிஸ்பா காத்திருந்தாள். நான் சொன்னேனே என்று குவின்டர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ரிஸ்பா பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். இருவரும் பைக் டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பெரிலுக்கு இருபது வயது. பல்லைப் பல்லோடு கம்பியால் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் அவள் அம்மா ஒரு ஸ்டீல் டம்ளரில் நீர்த்த கஞ்சியை வைத்து, உறிஞ்சுகுழலின் முனையை மகளின் வாயோரமாகச் செருகிக்கொண்டிருந்தாள். ரிஸ்பாவைக் கண்டதும் பெரில் கட்டிலிலிருந்த நோட்டை எடுத்து, 'அக்கா வந்துட்டீங்க' என்று எழுதிக் காட்டினாள். நன்றியோடு பார்த்தாள். ஆகஸ்ட் மாதத்தில் ஒரு காகிதம் பையை விட்டு வெளியே வராமல் போனது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. ரிஸ்பா அவள் காலடியில் உட்கார்ந்து, போர்வைக்கு மேலாக அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவனைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறார்கள், ஆனால் பணம் கட்டி வெளியே வந்துவிடுவான் என்றார் சங்கத்தின் வக்கீல். இது வெறும் கைகலப்பு என்று சொல்லிவிடுவார்கள். இவன் இதற்கு முன்னால் ஒருத்தியைக் கொன்றிருக்கிறான் என்று காட்ட முடிந்தால் கதை வேறு. அதற்கு அந்த உடலைத் தோண்டி எடுத்துப் பார்க்க வேண்டும். கழுத்தெலும்பு முறிந்திருந்தால் மண்ணுக்குள்ளும் அது அப்படியேதான் இருக்கும். அம்மா சம்மதித்துக் கைநாட்டு வைத்தால் நீதிமன்றம் சீக்கிரம் அனுமதிக்கும்.

நான் போகட்டுமா என்று குவின்டர் கேட்டாள். வேண்டாம், நான்தான் போகவேண்டும் என்றாள் ரிஸ்பா.

நவம்பர் மழை பிடித்திருந்தது. பேருந்திலிருந்து இறங்கிச் சேற்றில் நடந்து ரிஸ்பா உகென்யா வீட்டை அடைந்தபோது டோர்சிலா முற்றத்தில் தார்ப்பாயில் பரப்பியிருந்த ஒமேனாப் பொடிமீனை மழைக்கு முன் வாரிக்கொண்டிருந்தாள். ரிஸ்பாவைக் கண்டதும் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டாள். தன் சொந்த மகள் அப்படிக் கட்டிக்கொண்டு எத்தனை வருஷம் என்று ரிஸ்பா கணக்குப் பார்க்க விரும்பவில்லை. உள்ளே, வரவேற்பறைச் சுவரில், சபை நாட்காட்டிக்குப் பக்கத்தில் அந்தப் பலகை மாட்டியிருந்தது. மேல்விளிம்பில் பின்னல் துணி போட்டு, கீழே ஒரு ஸ்டூலில் பிளாஸ்டிக் பூக்கள். ஊரில் தைக்கக் கற்றுக்கொள்ளும் பெண்பிள்ளைகளெல்லாம் வந்து அதைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்று டோர்சிலா சொன்னாள். உகாலிச் சோளக்களியும் கீரையும் மீனும் தட்டில் வைத்தாள். ரிஸ்பா சாப்பிடச் சாப்பிட, பெஞ்சை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"கடையில அவ எப்படி இருப்பான்னு அன்னைக்குச் சொன்னியே. இன்னும் சொல்லு. மழை நாள்ல யாரும் வரலைன்னா என்ன பண்ணுவா?"

ரிஸ்பா வாயிலிருந்த கவளத்தை விழுங்கினாள். தண்ணீர் குடித்தாள். மழை நாளில் யாரும் வராவிட்டால் மெராப் என்ன செய்வாள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். கூரைக்குக் கீழே குந்தி உட்கார்ந்து, புளிப்பு மாங்காயை உப்பில் தோய்த்துத் தின்றுகொண்டு, போகிற வருகிறவர்களின் நடையையெல்லாம் செய்து காட்டித் தெருவையே சிரிக்க வைப்பாள். நீலச் சட்டைக்காரி அப்படிச் செய்வாளா?

"மாங்காய் தின்பா" என்றாள். பிறகு தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அம்மா, நான் வேற ஒண்ணு சொல்ல வந்திருக்கேன்" என்றாள்.

சொன்னாள். பெரிலின் வயதைச் சொன்னாள், கம்பி கட்டிய பல்லைச் சொன்னாள், வக்கீல் சொன்னதைச் சொன்னாள். தோண்டுவது என்ற சொல்லைச் சுற்றி வளைக்காமல் அதை அதாகவே சொன்னாள். அன்றைக்கு நான் உங்களுக்குச் சரி என்று சொன்னது உங்களுக்காக மட்டும் இல்லை, எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், அவளிடம் சொல்லாத சரியை உங்களிடம் சொன்னேன் என்றும் சொன்னாள். தகரக் கூரையில் முதல் தூறல் விழுந்தது.

"எடுத்தா, மறுபடி ஒகோலா உள்ள விடமாட்டாரு" என்றாள் டோர்சிலா.

"விடமாட்டாருன்னுதான் நானும் நினைக்கிறேன்மா."

"அந்தப் பொண்ணுக்கு அம்மா இருக்காளா?"

"இருக்காங்க. குழல்ல கஞ்சி குடுத்துட்டிருக்காங்க."

டோர்சிலா தன் கைகளைப் பார்த்தாள். மீன் செதில் ஒன்று மணிக்கட்டில் ஒட்டியிருந்தது. அதை நகத்தால் எடுத்துப் போட்டாள். பிறகு, கொடு என்பதுபோல் கையை நீட்டினாள். ரிஸ்பா காகிதத்தை மேசையில் விரித்து மைப்பெட்டியைத் திறந்து வைத்தாள். டோர்சிலா கட்டைவிரலை மையில் அழுத்தி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டினாள். ஊதா நிறம் நகக்கண் வரை ஏறியது. விரல் காகிதத்துக்கு மேலே வந்து நின்றது. இறங்கவில்லை. அவள் எழுந்தாள். விரலை ஆடையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே நடந்தாள்.

ரிஸ்பா காகிதத்தை எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்தாள், மழைக்குள் இறங்கவில்லை. அடுக்களைப் பக்கத்தில் மெராப்பின் மண்மேட்டில் டோர்சிலா நெடுகப் புல் நட்டிருந்தாள். அது பிடித்துப் பச்சை ஏறியிருந்தது. அவள் அதன் ஓரமாக மண்ணில் உட்கார்ந்து, இடது கையால் களையொன்றைப் பிடுங்கினாள். இன்னொன்றைப் பிடுங்கினாள். வலது கட்டைவிரலை மட்டும் சுட்டுக்கொண்ட விரல் மாதிரி மழையில் உயர்த்திப் பிடித்திருந்தாள். ஊதா நீர் மணிக்கட்டு வழியாக வழிந்து முழங்கைக்கு இறங்கிக்கொண்டிருந்தது.